'கேன்' என்று சொன்னால் 'முடியாது' என்று ஏன் கேட்கிறது? ஆங்கிலச் சொல்லழுத்தமும் குறுக்கங்களும்

கேள்வி இது: "ஊர் வள்ளியூர். படித்தது இங்கிலீஷ் மீடியம். கிராமர் தடுமாறாது, மெயில் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் ஃபோனில் வெளிநாட்டுக்காரர் பேசினால் நடுவில் பாதிச் சொல் காணாமல் போகிறது. நான் பேசினாலும் 'சாரி?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். இன்னும் வேகமாகப் பேசிப் பழக வேண்டுமா?"

வேகம் வேண்டவே வேண்டாம். இப்போது பேசும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் நல்லதுதான். கோளாறு நேரத்தைப் பங்கு வைப்பதில் இருக்கிறது.

தமிழில் ஓர் எழுத்துக்கு எவ்வளவு நேரம் என்பது சொல்லோடு பிறந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 'படம்', 'பாடம்' இரண்டையும் வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் அந்தக் கணக்கு மாறாது. மாறினால் பொருளே மாறிவிடும். ஆங்கிலத்தில் நேரம் அழுத்தத்தின் பின்னால் போகிறது. ஒரு சொல்லில் ஓர் அசை (சிலபிள்) நீளும், அங்கே சுருதி மாறும், உயிரொலி முழுசாக வரும். மற்ற அசைகள் ஒடுங்கும். நாம் எல்லா அசைக்கும் முழு உயிர் கொடுத்துவிடுவதால், எந்த அசையைப் பிடித்துச் சொல்லைத் தேடுவது என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. அவர் பேசும்போதோ, ஒடுங்கிய அசைகளை நாம் முழு உருவத்தில் எதிர்பார்க்கிறோம். அதற்குள் வாக்கியம் முடிந்துவிடுகிறது. இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றே.

இது நம் வாய்க்குப் புதிய வித்தை இல்லை. 'பார்க்கிறான்' நெல்லைப் பேச்சில் 'பாக்கான்' ஆகிறது. 'பஸ் போய்விட்டது' என்பது 'பஸ் போயிட்டு'. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பது 'வாரேன்னு சொன்னான்'. 'என்று' எங்கே போயிற்று? வெறும் 'ன்னு'வாகச் சுருங்கி முன்சொல்லின் முதுகில் ஏறிக்கொண்டது. 'சொன்னான்' மட்டும் தேயவில்லை, ஏனென்றால் சேதி அதில்தான் இருக்கிறது. புத்தகத் தமிழ் மட்டும் படித்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நின்று 'என்று' என்ற சொல்லைக் காதால் தேடினால் சாயங்காலம் வரை கிடைக்காது. ஃபோனில் உங்களுக்கு நடப்பதும் அதேதான். ஆங்கிலத்திலும் சிறு சொற்கள் சுருங்குகின்றன. அவற்றைத்தான் 'வீக் ஃபார்ம்' என்கிறார்கள். ஐகாரக்குறுக்கம், ஔகாரக்குறுக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். இதையும் குறுக்கம் என்றே சொல்லலாம்.

எழுதிக் காட்டுவதற்கு ஒரு குறி தேவை. அகராதிகளில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சிறு கோடு இருக்கும். அதையே இங்கும் போடுகிறேன்: அˈபவுட் என்றால் 'ப'வில் அழுத்தம்.

முதலில் அந்த ஒடுங்கிய உயிர். அதன் பெயர் ஷ்வா. ஆங்கில 'ஈ' எழுத்தைத் தலைகீழாகப் போட்டது போல அகராதியில் இருக்கும். ஆங்கிலத்தில் அதிகமாக வரும் உயிரொலி இதுதான், ஆனால் இதற்கென்று தனி எழுத்து கிடையாது. 'அபவுட்'டில் முதல் எழுத்து 'ஏ', 'டேக்கன்' என்பதில் 'ஈ', 'லெமன்' என்பதில் 'ஓ', 'சர்க்கஸ்' என்பதன் கடைசி உயிர் 'யூ'. நான்கும் ஒரே ஒலி. எழுத்தைப் பார்த்து வாசிக்கிறவர் இங்கேதான் வழுக்குகிறார். இதை எப்படி ஒலிப்பது? 'காசு', 'நாடு' என்று சாதாரணமாகப் பேசும்போது கடைசி உகரம் இதழ் குவியாமல் வருகிறதல்லவா, இலக்கணம் அரை மாத்திரை கொடுக்கும் அந்தக் குற்றியலுகரம்? அதைச் சொல்லி, அங்கேயே நிறுத்தி, தாடையை ஒரு நெல்மணி அளவு கீழே இறக்குங்கள். கிட்டத்தட்ட ஷ்வா வந்துவிடும். கீழே ஒடுங்கிய இடங்களில் 'அ' என்று எழுதியிருப்பது வாய் திறந்த 'அ' இல்லை, இந்த ஒலிதான்.

இனி சொல்லழுத்தம். குறுக்கங்களைவிட இதை முன்னால் வைப்பேன். குறுக்கத்தை விட்டுவிட்டால் பேச்சு விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். அழுத்தம் இடம் மாறினால் சொல்லே வேறாகிவிடும். கையாளச் சுலபமான எடுத்துக்காட்டு 'கேரியர்'. வாழ்க்கைத் தொழில் என்ற பொருளில் அது கˈரியர். முதல் அசை ஒடுங்கி இரண்டாவது நீளும். தூக்கிச் செல்வது என்ற பொருளில் ˈகேரியர். நேர்முகத் தேர்வில் முதல் அசையை நீட்டி 'மை ˈகேரியர்' என்றால், எதிரில் இருப்பவருக்கு டிபன் கேரியர் கண்ணில் தெரியும்.

நம் பக்கம் அடிக்கடி தவறும் சொற்களைப் பாருங்கள். 'ஹோட்டல்' என்று தமிழில் எழுதும்போது முதல் எழுத்து நெடிலாக இருப்பதால் அங்கேயே அழுத்துகிறோம், அது ஹோˈடெல். 'டெவலப்மென்ட்' இல்லை, டிˈவெலப்மன்ட். கˈமிடி, இˈவென்ட், சக்ˈசெஸ், பˈலீஸ், மˈஷீன் எல்லாம் இரண்டாம் அசையில். மாறாக ˈஇன்டஸ்ட்ரி, ˈகேடகரி, ˈமெயின்டனன்ஸ், ˈகேரக்டர் எல்லாம் முதல் அசையில். 'கம்ஃபர்டபிள்' என்று நான்கு அசையாகப் பிரிக்காமல் ˈகம்ஃப்டபிள். ˈவெஜ்டபிள், ˈஇன்ட்ரஸ்டிங் அப்படியே. 'சர்டிஃபிகேட்' என்ற கடைசிக் 'கேட்' ஆங்கிலத்தில் கிடையாது, சˈடிஃபிகட். ˈசாக்லட், ˈப்ரைவட், ˈக்ளைமட் மூன்றும் அதே வகை. 'ஏஜ்' என்று முடிபவை பெரும்பாலும் 'இஜ்': ˈவில்லிஜ், ˈமெசிஜ், ˈலக்கிஜ்.

விதி உண்டா என்றால், மனப்பாடத்துக்குத் தகுந்த அளவில் உண்டு. 'ஷன்', 'இக்', 'இட்டி', 'இயன்' என்று முடியும் சொற்களில் அந்த ஈற்றுக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். அதனால்தான் ஒரே குடும்பத்துக்குள் அழுத்தம் நகர்ந்துகொண்டே போகிறது: ˈஃபோடக்ராஃப், ஃபˈடாக்ரஃபர், ஃபோடˈக்ராஃபிக். இˈகானமி, ஆனால் எகˈநாமிக். அˈகேடமி, ஆனால் அகˈடெமிக். இˈலெக்ட்ரிக், ஆனால் இலெக்ˈட்ரிசிடி. அழுத்தம் நகரும்போது கைவிடப்பட்ட அசை ஒடுங்குவதைக் கவனியுங்கள். 'ஃபோ' என்ற முழு ஒலி அடுத்த சொல்லில் 'ஃப' ஆகிவிட்டது. 'இக்' விதிக்கு மீறல்கள் உண்டு: ˈபாலிடிக்ஸ், ˈகேதலிக், ˈஅரபிக். 'ஈ', 'இயர்', 'ஈஸ்' என்ற ஈறுகள் அழுத்தத்தைத் தம்மிடமே இழுத்துக்கொள்ளும்: டிரெய்ˈனீ, எஞ்சிˈனியர், ஜாபˈனீஸ். கˈமிடி மட்டும் இந்த விதிக்கு அடங்காது. 'இங்', 'மென்ட்', 'நெஸ்', 'லி', 'ஃபுல்' போன்றவை அழுத்தத்தைத் தொடவே தொடாது.

ஈரசைச் சொற்களில் பெயர் என்றால் முன்னால், வினை என்றால் பின்னால் என்பது இன்னொரு வழக்கம். ˈரெகார்ட் என்றால் பதிவேடு, ரிˈகார்ட் என்றால் பதிவு செய். ˈபர்மிட், பˈமிட், ˈப்ராஜெக்ட், ப்ரˈஜெக்ட், ˈகான்ட்ராக்ட், கன்ˈட்ராக்ட், ˈப்ரசன்ட், ப்ரிˈசென்ட். எல்லாச் சொல்லுக்கும் இது ஓடாது. ரிˈபோர்ட், சˈபோர்ட், கன்ˈட்ரோல் பெயரானாலும் வினையானாலும் பின்னால்தான். ˈஆன்சர், ˈவிசிட், ˈஆஃபர் எப்போதும் முன்னால். இரண்டு பெயர் ஒட்டிய கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் முதல் சொல் ஓங்கும்: ˈபஸ் ஸ்டாப், ˈபோஸ்ட் ஆஃபிஸ். ˈஇங்கிலீஷ் டீச்சர் என்றால் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். இங்கிலீஷ் ˈடீச்சர் என்றால் இங்கிலாந்துக்காரரான ஆசிரியர்.

அழுத்தத்தைக் கெடுக்கும் தமிழ்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது: இரட்டிப்பு. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனி வல்லினம் வந்தால் மெலிந்துவிடும். 'படம்' என்பதன் 'ட' மெலிந்தது, 'பட்டம்' என்பதன் 'ட்ட' வலியது. வலிய ஒலி வேண்டுமானால் இரட்டிப்பதுதான் நமக்குத் தெரிந்த ஒரே வழி. அதனால் 'ஹேப்பி', 'கம்மிட்டி', 'சிட்டி' என்று மெய்யில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்து இரட்டையாக இருந்தாலும் ஒலி ஒன்றுதான். நேரம் மெய்யில் செலவானால் உயிரை நீட்ட இடமில்லை. பேச்சு வெட்டி வெட்டி விழும். அதோடு, அழுத்தம் பெற்ற அசையின் தொடக்கத்தில் ப, ட, க வந்தால் ஆங்கிலத்தில் ஒரு மூச்சுக்காற்று சேர்ந்து வரும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்து 'பேப்பர்' என்று சொல்லுங்கள்: முதல் 'பே'யில் காகிதம் துள்ள வேண்டும், இரண்டாவதில் அசையக் கூடாது. துள்ளாவிட்டால், மூட்டை கட்டு என்ற பொருளில் நீங்கள் சொல்லும் 'பேக்' அவர் காதில் 'பின்னால்' என்ற பொருள் தரும் மெலிந்த 'பேக்'காக விழ வாய்ப்பு உண்டு.

மெய்யீற்றில் உகரம் சேர்ப்பதும் இப்படித்தான். 'பட்டு', 'அண்டு', 'பஸ்ஸு' என்று ஒவ்வொன்றிலும் ஓர் அசை கூடுகிறது, தாளம் போய்விடுகிறது. மருந்து கையிலேயே இருக்கிறது: மெய்யீற்றின் மேல் உயிர் ஏறுவது நம் புணர்ச்சி. 'நாட் அட் ஆல்' என்பதை மூன்று சொல்லாக நிறுத்தாமல் 'நா-ட-டால்' என்று ஓட விடுங்கள். உகரம் ஒட்டிக்கொள்ள இடமே இருக்காது.

இப்போது குறுக்கங்கள். ஏறக்குறைய நாற்பது சொற்கள் இந்தக் கணக்கில் வரும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பழக வேண்டியதில்லை. வாயில் ஏற வேண்டியவை ஏழு: 'ஏ', 'த', 'டு', 'ஆஃப்', 'அண்ட்', 'ஃபார்', 'கேன்'.

'ஏ பாய்', 'ஏ புக்' என்று வகுப்பில் வாசிக்கக் கற்றோம். பேச்சில் அது 'அ' மட்டுமே. 'த' மெய்யொலிக்கு முன் 'த', உயிரொலிக்கு முன் 'தி'. 'டு' மெய்க்கு முன் 'ட', உயிருக்கு முன் குறுகிய 'டு': 'கோ ட பாளை', 'கோ டு அம்பை'. 'ஆஃப்' என்பது 'அவ்'. 'கப் அவ் டீ'. 'அண்ட்' என்பது 'அன்', சில சமயம் வெறும் 'ன்'. 'ஃபார்' என்பது 'ஃப'. அடுத்து உயிர் வந்தால் 'ஃபர்'.

'கேன்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் உண்மையான நஷ்டம் வருகிறது. 'என்னால் வர முடியும்' என்பது ஐ கன் ˈகம். 'கன்' கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும், எடை 'கம்' மேல். 'முடியாது' என்றால், அமெரிக்கப் பேச்சில் ஐ ˈகேன்ட் ˈகம்; 'கேன்' முழுசாக வரும், கடைசி 'ட்' பல நேரம் வெடிக்காமல் தொண்டையிலேயே நின்றுவிடும். ஆக அமெரிக்கர் காது 'ட்' எங்கே என்று தேடுவதைவிட உயிர் முழுசா ஒடுங்கியதா என்று பார்க்கிறது. நாம் தெளிவாகச் சொல்வதாக நினைத்து 'ஐ கேன் கம்' என்று முழு 'கேன்' போட்டால், அவர் 'முடியாது' என்று எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் பேச்சில் மறுப்பு 'காண்ட்' என்று நெடிலோடு வருவதால் இந்தக் குழப்பம் குறைவு. வழி: சம்மதம் என்றால் 'கன்' என்று ஒடுக்கி வினையை ஓங்குங்கள், மறுப்பு முக்கியமான இடம் என்றால் 'கேனாட்' என்று பிரித்தே சொல்லிவிடுங்கள்.

மற்றவை காதுக்கு. 'ஹேவ்' என்பது 'அவ்' ஆகும். 'ஷுட் ஹேவ்' காதில் 'ஷுடவ்'. இது 'ஆஃப்' குறுகிய ஒலியேதான்; அதனால்தான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ஷுட் ஆஃப்' என்று தப்பாக எழுதுகிறார்கள். 'ஹிம்', 'ஹிஸ்', 'ஹெர்' வாக்கியத்தின் நடுவில் ஹகரத்தை இழக்கும். 'டெல் ஹிம்' என்பது 'டெலிம்'. 'வாஸ்' என்பது 'வஸ்', 'ஆர்' என்பது 'அ', 'தேன்' என்பது 'தன்', 'தெம்' என்பது 'தம்', 'யுவர்' என்பது 'ய'. 'தேட்' இணைப்புச் சொல்லாக வந்தால் 'தட்'. 'அந்த' என்று சுட்டினால் எப்போதும் முழுசு.

எங்கே ஒடுக்கக் கூடாது என்பதும் இதே அளவு முக்கியம்; குறுக்கம் பழகியவர்கள் அடுத்துச் செய்யும் தவறு எல்லா இடத்திலும் ஒடுக்குவது. வாக்கிய ஈற்றில் வந்தால் முழு உருவம்: 'ஐம் ஃப்ரம் திருநெல்வேலி' என்பதில் ஃப்ரம் ஒடுங்கும், 'வேர் ஆர் யூ ஃப்ராம்?' என்று கேட்கும்போது ஒடுங்காது. பதிலில் வினை விட்டுப்போனால் முழுசு: 'யெஸ், ஐ ˈகேன்.' எதிர்வைத்துப் பேசினால் முழுசு: 'நாட் ˈடூ சென்னை, ˈஃப்ராம் சென்னை.' 'நாட்' சேர்ந்த 'டோன்ட்', 'வோன்ட்', 'ஹேவன்ட்' ஒருபோதும் ஒடுங்காது.

இனி வாயில் கொண்டுவரும் பயிற்சி. ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்வோம்: 'ஆறு மணிக்கு ஜங்ஷனில் உங்களுக்காகக் காத்திருப்பேன்.' ஆங்கிலத்தில் ஐல் பி ˈவெய்டிங் ஃப யூ அட் த ˈஜங்ஷன் அட் ˈசிக்ஸ். பன்னிரண்டு அசை, ஆனால் ஓங்குவது மூன்றுதான். மேசையில் விரலால் நிதானமாகத் தட்டி, தட்டுக்கு ஒன்றாக 'வெய்', 'ஜங்', 'சிக்ஸ்' மட்டும் சொல்லுங்கள். ஐந்தாறு முறை. பிறகு தட்டும் வேகத்தை மாற்றாமல் 'வெய்டிங்', 'ஜங்ஷன்', 'சிக்ஸ்'. அடுத்து 'ஜங்ஷன் அட் சிக்ஸ்'. கடைசியில் 'ஃப யூ அட் த' என்ற நான்கையும் முதல் இரண்டு தட்டுக்கு நடுவில் திணியுங்கள். இடம் போதவில்லை என்றால் 'ஃபார்', 'ஏட்' என்று முழுசாகச் சொல்கிறீர்கள் என்று பொருள். தட்டை மெதுவாக்கிக்கொள்ளலாம், இடைவெளியை மட்டும் இழுக்காதீர்கள். ஓங்கும் அசையை நன்றாக நீட்டினால் மற்றவை தானே சுருங்கும். சுருக்குவதற்கென்று தனியாக முயன்றால் விழுங்கிய பேச்சாகிவிடும்.

இந்தத் தட்டு பயிற்சிக்கு மட்டும். ஆங்கிலம் அழுத்தத்தை வைத்துக் காலம் பிரிக்கும் மொழி என்று 1945-இல் அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக் பெயர் வைத்தார்; பின்னால் அளந்து பார்த்தவர்கள், இயல்பான பேச்சில் அந்த இடைவெளிகள் அவ்வளவு சமமாக இல்லை என்று காட்டினார்கள்.

காதுக்குப் பயிற்சி வேறு. எழுத்து வடிவம் உள்ள இருபது விநாடி ஒலித்துண்டு ஒன்று போதும். எழுத்தை மறைத்துவிட்டுக் கேட்டதை எழுதுங்கள்; ஐந்து முறை வரை கேட்கலாம். பிறகு ஒப்பிட்டு, விட்டுப்போன சொற்களுக்கு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் வருவது பெரும்பாலும் 'டு', 'ஆஃப்', 'ஹேவ்', 'வுட்' வகைதான். அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டி, உண்மையில் என்ன ஒலித்ததோ அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். நீளமான படங்களை மணிக்கணக்கில் ஓட விடுவதைவிட இது வேலை செய்யும், ஏனென்றால் படத்தில் கதையே அர்த்தத்தைக் கொடுத்துவிடும், காது சோம்பிவிடும்.

சொல்லழுத்தத்துக்கு, உங்கள் வேலையில் தினமும் வாயில் வரும் முப்பது சொற்களைப் பட்டியல் போட்டு, ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் கோடு எங்கே என்று பார்த்துக் குறியுங்கள். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்போம். ஆனாலும் சொல்லுக்குப் பொருள் தேடத்தான் அகராதியைப் புரட்டினோம், அந்தச் சிறு கோட்டைப் பார்க்க யாரும் பழக்கவில்லை. சிறு சொற்களைத் தேடும்போது ஒன்று கவனியுங்கள்: 'ஸ்ட்ராங்', 'வீக்' என்று இரண்டு ஒலிப்பும் கொடுத்திருப்பார்கள். முதலில் இருப்பதை மட்டும் கேட்டுவிட்டு மூடிவிடாதீர்கள்.

எண்களுக்குத் தனி எச்சரிக்கை. ஃபிஃப்ˈடீன், ˈஃபிஃப்டி என்று அழுத்தம் பிரித்துக் காட்டும். ஆனால் பின்னால் ஓங்கிய சொல் வந்தால், ˈஃபிஃப்டீன் ˈபாக்ஸஸ் என்று பதினைந்தின் அழுத்தமும் முன்னால் நகர்ந்துவிடும். அப்போது மிஞ்சும் வேறுபாடு 'டீன்' என்ற நெடிலும் கடைசி 'ன்' ஒலியும்தான். விலையோ எண்ணிக்கையோ ஃபோனில் சொல்லும்போது 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கமாகவும் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையா? தாய்மொழி ஆங்கிலம் இல்லாத இருவர் பேசும்போது குறுக்கங்கள் அவசியமில்லை என்று 2000-இல் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் வாதிட்டார். அழுத்தத்தைப் பொறுத்தவரை, வாக்கியத்தில் எந்தச் சொல்லை ஓங்குகிறோம் என்பதை விடக் கூடாத பட்டியலில் வைத்தார். குறுக்கம் பற்றி அவர் சொல்வது சரி. ஹைதராபாத்காரரோடோ ஜப்பான்காரரோடோ பேச நீங்கள் 'அன்', 'அவ்' என்று பாடுபட வேண்டாம். சொல்லழுத்தத்தையும் அவர் பட்டியலுக்கு வெளியே விட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. 'கோயிங் டு', 'வான்ட் டு' சுருங்கிய 'கானா', 'வானா' போன்றவற்றைப் புரிந்துகொண்டால் போதும், வேலைப் பேச்சில் வேண்டாம். உச்சரிப்பை அமெரிக்கருடையது போல ஆக்கவும் தேவையில்லை. அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தால் நெல்லை வாசனையோடு பேசினாலும் புரியும்.

மறுபடி 'சாரி?' என்று கேட்டால், முழு வாக்கியத்தையும் சத்தமாகத் திருப்பிச் சொல்வதுதான் எல்லோரும் செய்வது. அதில் எல்லா அசையும் சேர்ந்து ஓங்குவதால் முன்னைவிட மோசமாகத்தான் விழும். சேதி எந்தச் சொல்லில் இருக்கிறதோ அதை மட்டும் எடுத்து, அதன் ஓங்கும் அசையை நீட்டித் தனியாகச் சொல்லுங்கள்: 'டிˈவெலப்மன்ட்.' ஒரு சின்ன நிறுத்தம். பிறகு வாக்கியம், பழைய வேகத்திலேயே.